போன பள்ளித் தவணையில் எது முதலில் தீர்ந்தது? மலாவிப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட ஒரு தொடக்க வழிகாட்டி

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கே, தியோலோ தேயிலைத் தோட்டப் பகுதியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தது. முதல் வகுப்பில் 118 பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஒரு கரும்பலகை. பெஞ்சு கிடையாது, எல்லோரும் சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் தடவை பார்த்துவிட்டு வந்த இரவே உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். வீட்டில் சும்மா கிடக்கும் ஆங்கிலக் கதைப்புத்தகங்களை அனுப்பச் சொன்னேன். நாலு பெட்டி சேர்ந்தது. மலாவிக்குக் கடற்கரை இல்லை. மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா போன்ற துறைமுகங்களில் இறங்கி, லாரி ஏறி, எல்லையில் சுங்கம் தாண்டித்தான் எந்தச் சரக்கும் வரவேண்டும். புத்தகங்களின் விலையைவிட அவை வந்து சேர்ந்த செலவு கூடிப்போனது. அடுத்த வருடம் தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது இரண்டு பெட்டிகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அந்தப் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் படிப்பது சிச்சேவா மொழியில் என்பதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சின்ன அளவில் நிதி திரட்டி, அந்தப் பள்ளிக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு பள்ளிகளுக்கும் பொருள் வாங்கிக் கொடுத்து வருகிறோம். புதிதாக இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பணம் எப்படித் திரட்டுவது?" என்பதுதான். அதற்கும் வழி சொல்கிறேன். ஆனால் வேலை தொடங்கும் இடம் அது இல்லை.

பற்றாக்குறை எங்கிருந்து வந்தது

இது தெரிந்தால்தான் எதை வாங்குவது, எதை அரசிடம் விட்டுவிடுவது என்று புரியும். 1994இல் மலாவி தொடக்கக் கல்விக் கட்டணத்தை முழுவதும் நீக்கியது. அதுவரை சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 30 லட்சத்தை ஒட்டிப் போய்விட்டது. நல்ல முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டடமும் ஆசிரியர்களும் புத்தகங்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. இன்றும் கிராமப்புறங்களில் முதல் இரண்டு வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். மரத்தடி வகுப்புகளும் உண்டு, மழை வந்தால் வகுப்பு கலைந்துவிடும்.

பாடநூல்களைத் தயாரிப்பது சோம்பா மாவட்டத்தின் டொமாசியில் இருக்கும் மலாவிக் கல்வி நிறுவனம். அவை அரசு வழியாக வருகின்றன, பற்றாமல் வருகின்றன. பள்ளி மேம்பாட்டு மானியம் என்று ஒரு சிறு தொகையும் பள்ளிகளுக்கு வருகிறது. கூரைப் பழுது, கதவுப் பூட்டு, சாக்பீஸ் என்று அது கரைந்துவிடும். நம்மைப் போன்றவர்கள் நிரப்பக்கூடிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரே ஒரு பள்ளி

"ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு உதவுவோம்" என்று தொடங்காதீர்கள். ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பாடமொழி, பள்ளி ஆண்டு, சுங்க விதி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாடு, ஒரு மாவட்டம், ஒரு பள்ளி என்று தொடங்குங்கள். முதல் வருடம் ஒரு வகுப்பு மட்டும் என்றாலும் சரி.

பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? மலாவியில் பத்துப் பதினைந்து தொடக்கப் பள்ளிகள் சேர்ந்து ஒரு மண்டலம். அதற்குத் தொடக்கக் கல்வி ஆலோசகர் என்று ஓர் அரசு அலுவலர் இருப்பார். அங்கே எல்லோரும் 'பி.இ.ஏ.' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் ஓர் ஆசிரியர் மேம்பாட்டு மையம் இருக்கும், அவரை அங்கே பார்க்கலாம். எந்தப் பள்ளிக்கு ஏற்கெனவே ஏதாவது அமைப்பு உதவுகிறது, எதைப் பார்க்க நாதியில்லை என்பது அவருக்குத் தெரியும். சாலையோரப் பள்ளிகளுக்கு உதவி எளிதாகக் கிடைத்துவிடுகிறது, கார் நிற்கிற இடத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். உள்ளே தள்ளி இருக்கும் பள்ளியைக் கேளுங்கள்.

பள்ளிக்குள் தலைமையாசிரியரோடு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். பள்ளி நிர்வாகக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், அன்னையர் குழு என்று மூன்று இருக்கும். அன்னையர் குழுவை விட்டுவிடவே கூடாது. எந்தப் பிள்ளை, அதிலும் எந்தப் பெண் பிள்ளை, ஏன் வருவதை நிறுத்தியது என்று அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை நோட்டுக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கைப் பென்சிலுக்கு மாற்றினோம். நோட்டு இருந்தும் எழுத ஒன்றும் இல்லாததால் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று அவர்கள் சொன்னதுதான் காரணம்.

மலாவியில் யாரையுமே தெரியாதென்றால் தனியாக இறங்க வேண்டாம். அங்கே பல வருடமாக வேலை செய்யும், பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் வழியாகப் போங்கள். 1954இல் லண்டனில் தொடங்கிய புக் எய்ட் இன்டர்நேஷனல் ஆப்பிரிக்க நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் புத்தம் புதிய புத்தகங்களாகவே அனுப்புகிறது. அறிவுத் தாகத்துக்கு முன்னால் வயிற்றுப் பசி இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு, 2002இலிருந்து மலாவிப் பள்ளிகளில் காலைக் கஞ்சி கொடுத்துவரும் மேரிஸ் மீல்ஸ் இருக்கிறது. அந்த மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கஞ்சியை லிகூனி பாலா என்கிறார்கள். கஞ்சி உள்ள பள்ளியில் பசி மாதமான ஜனவரியிலும் வகுப்பு நிறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எப்படிக் கேட்பது

எனக்குத் தெரிந்து மொத்த வேலையிலும் முக்கியமான படி இதுதான்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் சரியான பதில் வராது. நான் பழகிய ஆசிரியர்கள் யாரும் விருந்தாளி நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "ஸிகோமோ", நன்றி என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் வேண்டுமா என்றால் ஆமாம். கதைப்புத்தகமா, அதுவும் சரி. அது மரியாதை, அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டால் நாம்தான் ஏமாறுவோம்.

கேள்வியை மாற்றுங்கள். பள்ளி ஆண்டு மூன்று தவணைகளாக, அதாவது மூன்று பருவங்களாக நடக்கிறது. "போன தவணையில் எது முதலில் தீர்ந்தது? அது தீர்ந்த பிறகு எப்படிப் பாடம் நடத்தினீர்கள்?" என்று கேளுங்கள். அந்த முதல் வகுப்பு ஆசிரியையிடம் இதைக் கேட்டபோது உடனே பதில் வந்தது. ஆறாவது வாரத்தில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. அப்புறம் காய்ந்த மரவள்ளிக் கிழங்குத் துண்டை வைத்து எழுதிப் பார்த்திருக்கிறார். கரும்பலகையும் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டதால் மூன்றாவது வரிசைக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நாலு பெட்டி ஆங்கிலப் புத்தகம் கொண்டுபோய் இறக்கியபோது அந்த அறையில் இருந்த குறை இதுதான். ஒரு டப்பா கரும்பலகைப் பெயிண்டும் சில பெட்டி சாக்பீஸும் போதுமாக இருந்திருக்கும்.

பொருள் கொடுத்தாலே படிப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லவேண்டும். 1990களின் பிற்பாதியில் மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் சில பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். பின்னால் 2019இல் பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரெமர் அந்தக் குழுவில் ஒருவர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை. அதே பகுதியில் சுவரில் மாட்டும் பெரிய படத்தாள்களைக் கொடுத்துப் பார்த்ததிலும் மதிப்பெண்ணில் மாற்றம் தெரியவில்லை.

இரண்டாவது, சியரா லியோனில் நடந்தது, 2014இல் வெளிவந்தது. பாடநூல்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன, ஆனால் பெரும்பங்கு வகுப்பறைக்குப் போகவில்லை. அடுத்த வருடம் வருமோ வராதோ என்று நிர்வாகிகள் அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கட்டுப் பிரிக்காத பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. தலைமையாசிரியர்மேல் வந்த வருத்தமும் போய்விட்டது. எப்போதாவது ஒருமுறை வருகிற பொருளை எந்த வீட்டிலும் பரணில்தான் வைப்பார்கள். அதனால் ஒரே வருடம் நிறையக் கொடுப்பதைவிட மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாக, சொன்ன தேதியில் கொடுங்கள். அடுத்த வருடமும் வருவோம் என்று எழுதியும் கொடுங்கள்.

பட்டியல்

எங்கள் அனுபவத்தில், வகுப்பறையில் வாங்கிய வாரமே புழக்கத்துக்கு வந்தவை இவை: சாக்பீஸ், கரும்பலகைப் பெயிண்ட், நோட்டு, பென்சில், சின்னப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு, மார்க்கர், சிச்சேவாக் கதைத்தாள்கள், இவற்றை வைக்க ஒரு தகரப் பெட்டி.

அளவைக் கணக்குப் போட்டு எழுதுங்கள். ஓர் ஆசிரியர் நாளுக்கு மூன்று சாக்பீஸ் செலவழிக்கிறார் என்றால், ஏறத்தாழ 65 நாள் நடக்கும் ஒரு தவணைக்கு 195 ஆகும், நூறு கொண்ட பெட்டியில் இரண்டு. வருடத்துக்கு மூன்று தவணை, எனவே ஓர் ஆசிரியருக்கு ஆறு பெட்டி. மலாவித் தொடக்கப் பள்ளியில் எட்டு வகுப்புகள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தாலும் 48 பெட்டி. நோட்டையும் இப்படியே போடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு நிற்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்திருக்கும் தலைகளையும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. வாங்கும்போது பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் போகக் கூடாது.

கற்பிக்கும் பொருள் எல்லாவற்றையும் கடையில் வாங்கவேண்டும் என்றும் இல்லை. மலாவி ஆசிரியப் பயிற்சியிலேயே 'டாலுலார்' என்று ஒரு முறை இருக்கிறது: அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்தே பாடக்கருவி செய்வது. பாட்டில் மூடியில் கூட்டல் கழித்தல், களிமண்ணில் எழுத்து, அட்டைப்பெட்டியில் கடிகாரம். அரிசிச் சாக்கைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் எழுத்து அட்டவணை வரைந்தால் சார்ட் பேப்பரைவிட நாலு மடங்கு உழைக்கும், மழையில் நனைந்தாலும் உதறி மாட்டலாம். ஆசிரியர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். மார்க்கரும் கத்திரிக்கோலும் நூலும்தான் இருக்காது. பத்து மார்க்கர் வாங்கிக் கொடுத்தால் ஒரு சனிக்கிழமையில் அந்தப் பள்ளிச் சுவர் முழுக்கப் பாடம் தொங்கும். ஆயத்தமாக அச்சடித்த பளபளப்பான படத்தாளில் பணத்தைப் போடாதீர்கள்.

கதைப்புத்தகம் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சாய்டே அமைப்பு 2014இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் திட்டத்தில் ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் சின்னக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக் கொடுக்கவும் அனுமதி உண்டு. மொழிப் பட்டியலில் சின்யஞ்சா என்று பாருங்கள். சாம்பியாவில் சின்யஞ்சா என்பதும் மலாவியில் சிச்சேவா என்பதும் ஒரே மொழிதான். சொல் வழக்கில் சிறு வேறுபாடு இருக்கும், அச்சிடும் முன் ஆசிரியரிடம் ஒரு பிரதி காட்டுங்கள். தெற்கு மலாவியின் பெரிய நகரமான பிளாண்டயரில் அச்சடித்தால் கப்பலும் சுங்கமும் கிடையாது. பள்ளி வடக்கே இருந்தால் வீட்டு மொழி சிதும்புகாவாக இருக்கலாம், மலாவி ஏரியின் தென்முனையை ஒட்டி இருந்தால் சியாவோவாக இருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகரப் பெட்டியைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடாதீர்கள். முதல் மழைக்கே கறையான் நோட்டுக் கட்டை அடியிலிருந்து தின்றுவிட்டது. அதிலிருந்து மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்கு என்றே ஒதுக்கிவிடுகிறோம்.

விலையும் குவாச்சாவும்

2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் குறைத்தது, டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. டாலருக்கு சுமார் 1,180 என்றிருந்தது 1,700 ஆனது. வெளியிலிருந்து அனுப்பும் பணத்துக்கு அதிகக் குவாச்சா கிடைக்குமே என்று தோன்றும். நோட்டுக்கான காகிதமும் பென்சிலும் இறக்குமதி, எனவே விலையும் பின்னாலேயே ஏறிவிடும். நன்கொடையாளர்களிடம் "இத்தனை குவாச்சா" என்று சொல்லாமல் "48 பெட்டி சாக்பீஸ், 700 நோட்டு" என்று பொருள் கணக்கில் சொல்லுங்கள். பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் மொத்த வியாபாரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று கடைகளில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி, வாங்குகிற வாரத்தில் மறுபடி ஒருமுறை விசாரியுங்கள். பள்ளிவரை போகும் வண்டி வாடகையையும் கணக்கில் சேருங்கள், பெரும்பாலானவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம்

இதில் அவசரம் கூடாது. இந்தியாவில் இருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு நன்கொடையாக அனுப்பலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர்வரை இடம் உண்டு. ஆனால் பத்துப் பேரிடம் வசூலித்ததை உங்கள் பணம்போல அனுப்புவது வில்லங்கம். ஒவ்வொருவரும் நேரடியாக ஒரு பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுப்பதுதான் சுத்தம். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் இந்தியாவில் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழிக்க மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும். முதலில் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

பிரிட்டனில் வரி கட்டுகிறவர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கிஃப்ட் எய்டு வழியாக ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக அந்த அறக்கட்டளைக்குப் போகும். அந்தப் படிவத்தில் டிக் செய்ய மறவாதீர்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு நற்பணிக்கென்று பொதுமக்களிடம் பணம் திரட்ட முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும்.

பணம் கேட்பது

பட்டியல் சரியாக இருந்தால் இது எதிர்பார்த்ததைவிட லேசு. தெரிந்த முப்பது பேர் போதும். கூட்டத்துக்கு மொத்தமாக அனுப்பாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, வணக்கம். மலாவியில் நான் சொல்வேனே அந்தப் பள்ளி, அங்கே செப்டம்பரில் வகுப்பு திறக்கிறது. முதல் வகுப்பில் 118 பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு நோட்டு, இரண்டு பென்சில், ஆசிரியைக்கு ஒரு வருடச் சாக்பீஸ், கரும்பலகைக்குப் பெயிண்ட். கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு ஆகும் தொகையை நீங்கள் ஏற்க முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். பில்லும் மிச்சக் கணக்கும் அக்டோபர் கடைசிக்குள் அனுப்புகிறேன்."

என்ன பொருள், யாருக்கு, எவ்வளவு, எப்போது கணக்கு வரும். இந்த நாலும் இருந்தால் கொடுப்பவருக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. மறுக்கவும் இடம் கொடுங்கள். இந்த வருடம் முடியாது என்று சொன்னவர்கள் அடுத்த வருடம் தாங்களாகவே கேட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கிழிந்த சட்டையும் மூக்குச் சளியுமாகப் பிள்ளைகளின் படத்தை அனுப்பாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் பிள்ளையை அப்படிப் படம் பிடித்து முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினால் நாம் பொறுப்போமா? தேய்ந்த கரும்பலகையைப் படம் எடுங்கள், ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓரம்வரை நெருக்கி எழுதிய எழுத்தை எடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படம் வேண்டுமென்றால் பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்கவேண்டும், பெயர் போடக்கூடாது.

வாங்குவதும் ஒப்படைப்பதும்

பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல்வரை மண்சாலைகள் சேறுதான். அதனால் மே, ஜூனில் பட்டியல், ஜூலைக்குள் பணம், ஆகஸ்டில் கொள்முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ஜனவரி, பிப்ரவரியில் லாரி போகாது. பழைய தானியம் தீர்ந்து புது அறுவடை வராத மாதங்களும் அவைதான், பசியில் பிள்ளைகளின் வருகையே குறைந்துவிடும்.

தனி ஆளின் மொபைல் பணக் கணக்குக்கு மொத்தத் தொகையையும் அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஏர்டெல் மணி, டிஎன்எம் எம்பாம்பா இரண்டும் அங்கே எல்லோர் கையிலும் இருக்கின்றன, வண்டி வாடகைக்கு வசதி. பெரிய தொகை பள்ளியின் வங்கிக் கணக்குக்கோ, நேராகக் கடைக்கோ போகட்டும். கடைக்குப் போகும்போது தலைமையாசிரியரோடு நிர்வாகக் குழுவில் ஒருவரும் அன்னையர் குழுவில் ஒருவரும் சேர்ந்து போகட்டும். அந்த இரண்டு பேரின் பஸ் கட்டணத்தை நீங்கள் கொடுங்கள், அது வீண் செலவே இல்லை.

பொருள் வந்ததும் பள்ளியின் ஸ்டாக் புத்தகத்தில் ஏற்றி, ஊர்த்தலைவர் முன்னிலையில் மூன்று பேர் கையெழுத்துப் போடட்டும். அதோடு போதும். மேடை, பேனர், வரவேற்பு நடனம் என்று ஒரு பள்ளி நாளை வீணாக்க வேண்டாம். மிச்சமிருந்தால் திருப்பி வாங்காதீர்கள், எதற்குச் செலவழிக்கலாம் என்று குழுவே முடிவு செய்து எழுதி அனுப்பட்டும்.

கணக்குச் சொல்வது

சொன்ன தேதிக்கு முந்தின நாளே கணக்கை அனுப்பிவிடுங்கள். பில்லின் படம், வங்கி பிடித்த கட்டணம், மிச்சம். தப்பு நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கறையான் தின்ற கதையை நான் படத்தோடு எழுதி அனுப்பினேன். யாரும் கோபப்படவில்லை, இரண்டு பேர் தகரப் பெட்டிக்கு என்று தனியாகப் பணம் அனுப்பினார்கள்.

முதல் தவணை முடிந்ததும் ஆசிரியையிடம் அதே பழைய கேள்வியைக் கேளுங்கள்: எது முதலில் தீர்ந்தது? கூடவே இன்னொன்று: எதைத் தொடவே இல்லை? எங்கள் பள்ளியில் இரண்டாம் வருடம் தீர்ந்தது பென்சில் சீவும் பிளேடு, தொடாமல் கிடந்தது கலர் சாக்பீஸ். மூன்றாம் வருடப் பட்டியலில் கலர் சாக்பீஸை எடுத்துவிட்டு, வகுப்புக்கு இரண்டு பெரிய பென்சில் ஷார்ப்னர்களைச் சேர்த்தோம். உங்கள் பட்டியலிலும் இப்படி ஒன்றிரண்டு வரி ஒவ்வொரு வருடமும் மாறும். மே மாதம் பிறந்ததும் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, செப்டம்பரில் முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்வார்கள் என்று கேட்டு முதல் வரியில் அந்த எண்ணை எழுதுங்கள்.